‘ம்’ என்றால் சம்மதம்

மேலப்புதூர், திருச்சி
10 பிப்ரவரி 2025

ஜெஸ்வின்,

அம்மா யாருக்குக் கடிதம் எழுதினாலும் தாளோட உச்சியில ஒரு சின்ன சிலுவை போட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. நான் போடல. கீழ வரப்போற வார்த்தைகளுக்கு மேல சிலுவை இருக்கிறது சரியா வராது. நலமான்னும் கேக்கல. நான் நலமா இல்ல, உன் நலம் அறிய இப்போதைக்கு எனக்கு ஆவலும் இல்ல.

எதுக்குடா இந்தக் காலத்துல தபால்னு நினைப்ப. உன் போனை நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். யார் போனையும் எடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஏன்னா போன்ல நான் "ம்" சொல்லிட்டேன், அதுக்கு என் வேலை போயிடுச்சு.

போன திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு துவாக்குடி பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். நிக்க இடமில்ல. காலேஜ் பசங்க பை எல்லாம் என் முதுகுல. பால்பண்ணை ஸ்டாப் வர்றப்ப போன் அடிச்சது. "வணக்கம் லிசி மேடம், உங்கள் நிறுவனத்திலிருந்து மித்ரா பேசுகிறேன்"னு ஒரு பொண்ணு. தேன்ல தொட்டு எடுத்த குரல். கம்பெனியில புது ரோபோ வருதாம், எல்லாரோட எதிர்காலமும் நல்லா இருக்கணுமாம், அதுக்கு விருப்ப விலகல் திட்டமாம். பஸ் சத்தத்துல பாதி கேக்கல. நாம போன் பேசினா என்ன பண்ணுவோம்? எதிராளி பேசப் பேச "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டே இருப்போம். அதைத்தான் நானும் பண்ணேன். கண்டக்டர் வேற சில்லறை கேக்குறார். கடைசியில அந்தப் பொண்ணு "மிக்க மகிழ்ச்சி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

மறுநாள் காலையில கேட்ல முகம் காட்டுற மெஷின் முன்னாடி நின்னா சிவப்பு லைட். முகத்தைத் தொடச்சிட்டு நின்னேன், சிவப்பு. கண்ணாடியைக் கழட்டிட்டு நின்னேன், சிவப்பு. செக்யூரிட்டி தைரியராஜ், என் பொண்ணு கோயில்ல புதுநன்மை வாங்கின விருந்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போன மனுஷன், என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே "உள்ள விட முடியாதுங்க, மெஷின் வேணாங்குது"ன்றார்.

அப்புறம் ஆபீஸ்ல இருந்து ஆஸ்டின் வந்தான். ஆள் எடுக்கிறதும் அனுப்புறதும் அவன் வேலை. "மேடம், நீங்களே சம்மதம் சொல்லியிருக்கீங்க, சிஸ்டம்ல பதிவாயிருக்கு"ன்றான். நான் எப்படா சொன்னேன்னு கேட்டா, "மூணு இடத்துல ம் சொல்லியிருக்கீங்க"ன்றான். தூ! ஒரு மனுஷியை வீட்டுக்கு அனுப்பணும்னா எதிர்ல உக்காந்து சொல்ற தைரியம் கூடவா இல்ல?

இப்ப உனக்கு வரேன். போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப நீ உன் போனை நடுவுல வச்சு, "எங்க கம்பெனியில நான் செஞ்சது, கேளுங்க"ன்னு ஒரு குரலைப் பேச விட்டியே. அவ பேரும் மித்ராதானே? அதே இழுப்பு. நாங்கெல்லாம் கை தட்டினோமே. நான்தான் சத்தமா தட்டினேன்.

அவளா இவ? ஆமாவா இல்லையா, அதை மட்டும் எழுது. ம்னு எழுதாதே.

லிசி


பெங்களூரு
17 பிப்ரவரி 2025

அன்புள்ள சகோதரி லிசி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். இந்தக் கடினமான தருணத்தில் தாங்கள் அனுபவிக்கும் உணர்வுகளை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. தங்கள் ஏமாற்றம் முற்றிலும் நியாயமானது.

தொழில்நுட்ப மாற்றங்கள் நம் வாழ்வில் சவால்களையும் வாய்ப்புகளையும் ஒருங்கே கொண்டுவருகின்றன. இந்த மாற்றத்தைப் புதிய திறன்களைக் கற்றுக்கொள்வதற்கான ஓர் அரிய வாய்ப்பாகத் தாங்கள் கருதலாம். குடும்ப உறவுகள் எல்லாவற்றையும் விட உயர்ந்தவை. நாம் இருவரும் திறந்த மனதுடன் உரையாடினால் இந்தச் சூழ்நிலையை ஒன்றாகக் கடந்து செல்ல முடியும் என்று நம்புகிறேன்.

என்றும் தங்கள் நலனில் அக்கறையுள்ள,
ஜெஸ்வின்

இந்தக் கடிதத்தை இன்னும் உருக்கமாக மாற்றித் தரவா?


மேலப்புதூர்
20 பிப்ரவரி 2025

டேய்,

மாத்தித் தா. இன்னும் உருக்கமா மாத்தித் தா. கண்ணீர் போதல.

சகோதரியாமே. எந்தக் கன்னியாஸ்திரி மடத்துக்குடா எழுதுன? பொறந்ததுல இருந்து "லிசிக்கா"ன்னு கூப்பிட்டவன், என் மேல கோபம் வந்தா "ஏய் லிசி"ன்னு கூப்பிட்டு அம்மாகிட்ட அடி வாங்கினவன், இப்ப "தங்கள் ஏமாற்றம் நியாயமானது"ன்றான். நீ டைப் பண்ணச் சொன்ன மெஷின் கடைசியில உன்கிட்ட கேட்ட கேள்வியைக் கூட அழிக்காம அப்படியே பிரிண்ட் எடுத்து கவர்ல போட்டு அனுப்பியிருக்க. படிச்சுக் கூடப் பாக்கல. அக்காவுக்கு வேலை போச்சுன்னு அழற கடிதத்துக்கு, பதில் என்னன்னு கூடப் படிக்காம அனுப்புற அளவுக்கு உனக்கு என்ன வேலைடா அங்க?

உன் பிலோமின் மச்சான் அதைப் படிச்சுட்டுச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப தட்டுல முடி கிடந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டேன்.

கையால எழுது. உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பரவாயில்ல. இல்லன்னா எழுதாதே.

நானும் இதே மாதிரி வேலை போன இன்னும் கொஞ்சம் பேரும் சேர்ந்து லேபர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டோம். அங்க கூப்பிட்டு விசாரிப்பாங்க.

லிசி


பெங்களூரு
27 பிப்ரவரி 2025

லிசிக்கா,

கையாலதான் எழுதுறேன். வெக்கமா இருக்கு. உன் கடிதம் வந்த அன்னைக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல. நாலு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சேன். அப்புறம்தான் அந்த மெஷின்கிட்ட போனேன். அது நியாயம் இல்லதான்.

நீ கேட்டதுக்குப் பதில்: ஆமா. மித்ரா நாங்க செஞ்சதுதான். உங்க கம்பெனி எங்ககிட்ட வாங்கியிருக்கு. எந்தக் கேள்வி கேக்கணும், பதிலை வச்சு என்ன பண்ணணும்னு அவங்க முடிவு. தமிழ்ல ஆள் என்ன பதில் சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கிற பகுதி மட்டும் என் டீம். உன் பேர் அந்த லிஸ்ட்ல இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

ஆனா அக்கா, நீ கோபத்துல எல்லாத்தையும் சேர்த்து மிதிக்கிற. போன வருஷம் உங்க பிரஸ் மெஷின்ல பெஞ்சமின் அண்ணன் கை உள்ள போனப்ப, சென்சார் பார்த்து மெஷின் தானா நின்னுச்சுன்னு நீதானே போன் பண்ணி அழுத? பழைய மெஷினா இருந்தா அவர் இன்னைக்கு ஒத்தைக் கையோட இருப்பார்னு நீதான் சொன்ன. வெல்டிங் புகையில நீ இருமின இருமலை அம்மா எத்தனை தடவை என்கிட்ட சொல்லிப் புலம்பியிருக்காங்க. ரோபோ வந்தப்புறம் அந்தப் புகை இல்ல. கேஸ் சிலிண்டருக்கு அப்பா வெயில்ல போய் நின்னதெல்லாம் மறந்துட்டியா? இப்ப ஒரு மிஸ்டு கால்ல வீட்டுக்கு வருது. இதெல்லாம் தானா நடக்கிற விஷயம்தான். அப்ப இனிச்சது, இப்ப கசக்குது.

"ம்" விஷயமும் சொல்றேன். நாங்க சும்மா முடிவு பண்ணல. தமிழ்ல ஆமான்னு சொல்ல நாம அதைத்தான் அதிகமா பயன்படுத்துறோம். சாப்பிட்டியா? ம். வரியா? ம். ஏன், மச்சான் வீட்டுல உன்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனப்புறம் அம்மா "பிடிச்சிருக்கா"ன்னு கேட்டாங்க, நீ என்ன சொன்ன? கதவு பின்னாடி நின்னு ஒரு "ம்". அதை வச்சுத்தான் உன் கல்யாணமே நடந்துச்சு. அந்த "ம்"முக்கு சம்மதம்னுதானே அர்த்தம்?

கோபப்படாதே. உன் வேலையைத் திரும்ப வாங்கித் தர என்னால ஆனதைப் பாக்குறேன். ஆஸ்டின்கிட்ட பேசுறேன்.

ஜெஸ்வின்


மேலப்புதூர்
8 மார்ச் 2025

ஜெஸ்வின்,

இது உன் எழுத்து. ல-வுக்கும் வ-வுக்கும் வித்தியாசம் தெரியாத உன் எழுத்து. திட்டினாலும் தம்பியைத் திட்டுற திருப்தி இருக்கு.

நீ சொன்னதுல நிஜம் இருக்கு, மறைக்க மாட்டேன். பெஞ்சமின் கை தப்பிச்சது அந்த சென்சாராலதான். என் இருமல் நின்னதும் நிஜம். இன்னொண்ணும் சொல்றேன், கேளு. வெல்டிங்ல இருந்து என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாத்தினாங்கல்ல, அங்க இப்ப ஒரு காமிரா வந்திருக்கு. வெல்டிங்ல மயிரிழை விரிசல் இருந்தாலும் பிடிச்சுடுது. என் கண்ணைவிட நல்லா பாக்குது. அதுகூட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. அது வேலையை அது பாக்கட்டும். எனக்கு அருவருப்பா இருக்கிறது மெஷின் இல்லடா. மெஷினுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிற ஆளுங்க. "சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு", "மெஷின் வேணாங்குது". இவனுங்களுக்குன்னு வாய் இல்லையா?

கல்யாணத்தைப் பத்தி எழுதியிருக்க. உனக்கு அப்ப டவுசர் வயசு, பாதிதான் தெரியும். அம்மா அந்த "ம்"மை நம்பல. என்னைச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போய், மோவாயைத் தூக்கிப் பிடிச்சு, கண்ணைப் பார்த்துத் திரும்பக் கேட்டாங்க. வாயைத் திறந்து "பிடிச்சிருக்கும்மா"ன்னு சொன்னப்புறம்தான் அப்பாகிட்ட போனாங்க. அப்புறம் கோயில்ல? ஃபாதர் அருள்நாதன் "சம்மதமா"ன்னு கேட்டார். எனக்கு வெக்கம், "ம்"னேன். அவர் புஸ்தகத்தை மூடிட்டு நின்னார். "கோயில் பூரா கேக்கணும்மா, இல்லன்னா இந்தக் கல்யாணம் செல்லாது"ன்னார். "சம்மதம் சாமி"ன்னு கத்தினேன், எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தியோட வாழ்க்கையை மாத்துற கேள்விக்கு "ம்" செல்லாதுன்னு பெரிய படிப்பு இல்லாத எங்கம்மாவுக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும். உன் டீமுக்குத் தெரியல.

நீ ஆஸ்டின்கிட்ட பேசினது நல்லாவே வேலை செஞ்சிருக்கு. நேத்து வீட்டுக்கே வந்தான். இத்தனை வருஷத்துல என் வாசப்படி மிதிக்காதவன், ஸ்வீட் பாக்ஸோட. "உங்க தம்பின்னு தெரியாமப் போச்சு மேடம். உங்களை மட்டும் திரும்ப எடுத்துக்கிறோம். மத்தவங்க விஷயத்துல எனக்குச் சம்மந்தம் இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு மனுவை வாபஸ் வாங்கிடுங்க"ன்றான். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். ஸ்வீட்டைப் பிரிக்கல.

உண்மையைச் சொல்றேன், எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா. மச்சான் ஆட்டோ ஓட்டுறதுல வீடு ஓடாது. ஆனா இன்னைக்குக் காலையில ஸ்ரீரங்கம் போயிட்டு வந்தேன். எங்க லிஸ்ட்ல காத்தமுத்துன்னு ஒருத்தர் இருக்கார், ஃபர்னஸ் பக்கம் வேலை. மேலூர் ரோட்டுல வாழைத் தோப்பைத் தாண்டி வீடு. குடல்ல ஆபரேஷன் பண்ணி, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து படுத்தே கிடக்கார். பாதி ஆளா இருக்கார். அவரும் "சம்மதம்" சொன்னாராம். அவர் சம்சாரம் பொன்னுத்தாய் சொல்றாங்க, போன் வந்ததா கம்பெனி சொல்ற நாள்ல அவருக்கு மூக்குல குழாய், வாயே திறக்க முடியாதாம். பக்கத்துப் படுக்கைக்காரங்க யாரோ "கம்பெனியில இருந்து போனுங்க"ன்னு எடுத்து அவர் காதுல வச்சிருக்காங்க போல. அவருக்கு அப்படி ஒரு போன் வந்ததே ஞாபகம் இல்ல.

பேசவே முடியாதவர் எப்படிடா சம்மதம் சொன்னார்? அந்தப் பதிவெல்லாம் உங்ககிட்டதானே இருக்கும். நீயே காதுல போட்டுக் கேளு. கேட்டுட்டு எனக்கு எழுது.

லிசி


பெங்களூரு
15 மார்ச் 2025

லிசிக்கா,

கேட்டேன்.

முதல்ல உன்னோடதைக் கேட்டேன். பஸ் ஹாரன், பசங்க சத்தம், கண்டக்டர் குரல். மித்ரா சம்மதமான்னு கேக்குறா. நீ "ம்ஹும்"ன்னு சொல்ற அக்கா. வேணாம்னுதான் சொல்ற. ஹாரன் நடுவுல வந்து பின்பாதியை முழுங்கிடுச்சு. மெஷினுக்கு "ம்" மட்டும் கிடைச்சிருக்கு. நீயே மறந்திருப்ப. ஆனா உன் ம்ஹும் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல உன் சைக்கிளைக் கேட்கிறப்பெல்லாம் அதைக் கேட்டவன் நான்.

அப்புறம் காத்தமுத்துவோடது. அதை எப்படி எழுதுறதுன்னு தெரியல. அது வார்த்தையே இல்ல. முனகல். வலியில கிடக்கிற ஆள் மூச்சு விடுறப்ப தொண்டையில இருந்து வருமே, அந்த முனகல். மித்ரா முழு திட்டத்தையும் சிரிச்ச குரல்ல சொல்லி முடிக்கிறா. சம்மதமான்னு கேக்குறா. அந்த முனகல் வருது. பக்கத்துல எங்க மெஷின் பச்சை டிக் போட்டு, "சம்மதம், 96 சதவீதம் உறுதி"ன்னு எழுதியிருக்கு. அந்த 96 நான் வச்ச கணக்குல இருந்து வந்தது. கேன்டீன்ல சாப்பிட்டதெல்லாம் மேல வந்துடுச்சு அக்கா. எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்து மேனேஜர்கிட்ட காட்டினேன். முழுசாக் கூடக் கேக்கல. "நல்ல உதாரணம் ஜெஸ்வின், இதையும் சேர்த்துப் பழக்கினா அடுத்த தடவை முனகலைத் தனியா பிரிச்சுடும்"ன்னார். ஒரு மனுஷனோட வலி அவருக்கு உதாரணம்.

ஆனா அக்கா, இதை வெளியில எடுக்க முடியாது. எடுத்தா என் வேலை போகும், கேஸ் கூடப் போடுவாங்க. வீட்டுல இவ மாசமா இருக்கா, உனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு, ஒளிக்காம சொல்றேன். நீ ஆஸ்டின் சொன்ன மாதிரி கையெழுத்துப் போட்டுடு. முதல்ல நீ உள்ள போ. காத்தமுத்து விஷயத்தை அப்புறம் மெதுவா நான் உள்ள இருந்தே சரி பண்ணப் பாக்குறேன்.

ஜெஸ்வின்


மேலப்புதூர்
22 மார்ச் 2025

ஜெஸ்வின்,

மெதுவா சரி பண்ண வேண்டாம். காத்தமுத்து செத்துப் போயிட்டார். செவ்வாக்கிழமை. கொள்ளிடக் கரையில எரிச்சுட்டு வந்தோம்.

கம்பெனியில இருந்து ஒரு மாலை கூட வரல. அத்தனை வருஷம் அந்த ஃபர்னஸ் சூட்டுல வெந்த மனுஷனுக்கு ஒரு மாலை இல்ல. நான் மானத்தை விட்டு ஆஸ்டினுக்குப் போன் பண்ணேன். ஆமா, போன். எடுத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? "அவர் பிப்ரவரியிலயே விருப்பப்பட்டு விலகிட்டாருங்களே மேடம். இப்ப அவர் நம்ம ஸ்டாஃப் இல்லைங்களே"ன்றான். வேலையில இருக்கிறப்ப செத்தா குடும்பத்துக்குக் கிடைக்கிறது எதுவும் இல்லையாம். மகனுக்கு வேலை குடுக்கிற வழக்கமும் இல்லையாம். எல்லாம் அந்த முனகலோட போச்சாம்.

சீ. இதை எழுதுறப்பவே வாயெல்லாம் கசக்குது. ஒருத்தன் வலியில முனகினதை ரசீது மாதிரி எடுத்து வச்சுக்கிட்டு, அவன் பொணத்து மேல அதை நீட்டுறானுங்க. நீ அதைக் காதால கேட்டிருக்க. கேட்டு வாந்தி எடுத்திருக்க. எடுத்துட்டு வாயைத் தொடச்சிட்டு வந்து, "நீ மட்டும் உள்ள போ அக்கா"ன்னு எழுதியிருக்க. எதுடா அதிக நாத்தம், அந்த வாந்தியா இந்தக் கடிதமா?

ஆஸ்டின்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். நேர்ல போய், அவன் மேசை முன்னாடி நின்னு, மெஷினுக்கும் சந்தேகம் வராத மாதிரி சொன்னேன். ஸ்வீட் பாக்ஸையும் திருப்பி வச்சுட்டேன். எறும்பு மொய்ச்சிருந்துச்சு.

விசாரணை ஏப்ரல் எட்டாம் தேதி. கம்பெனி வக்கீல் "சம்மதம் பதிவாகியுள்ளது"ன்னு ஒரு தாளை மட்டும்தான் நீட்டப்போறானாம், சத்தத்தைப் போட மாட்டானாம். அந்தச் சத்தம் வெளியில வந்தாத்தான் பொன்னுத்தாய்க்கு வழி. மெஷின் அதைப் பதிஞ்சு வச்சதாலதான் இப்ப சாட்சின்னு ஒண்ணாவது இருக்கு, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா அது உன் கையில இருக்கு.

உன் பொண்டாட்டி மாசமா இருக்கிறது எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் லேசுன்னு நான் சொல்லல. இனி உன் இஷ்டம். இதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

லிசி


பெங்களூரு
31 மார்ச் 2025

லிசிக்கா,

இந்தக் கவர்ல ஒரு பென் டிரைவ் இருக்கு. அதுல ரெண்டு பதிவு, உன்னோடதும் காத்தமுத்துவோடதும். கூடவே மெஷின் ஒரு சத்தத்தை எப்படிச் சம்மதம்னு எடுத்துக்கிடுதுன்னு ரெண்டு பக்கம் எழுதி, "இது தப்பு, இந்தப் பகுதியைச் செஞ்சவன் என்கிற முறையில் சொல்கிறேன்"னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வக்கீல் கேட்டா யார் குடுத்ததுன்னு தாராளமா சொல்லு.

இவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தப் பதிவைக் கேக்கணும்னா. போட்டேன். பாதியில நிறுத்துன்னா.  "நாளைக்கு நம்ம பிள்ளை அழறதையும் இப்படி எவனாவது எடுத்து அர்த்தம் எழுதிப்பானா"ன்னு கேட்டா.  அன்னைக்கே ரெண்டு பதிவையும் பென் டிரைவ்ல ஏத்தினேன்.

மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டேன். அரை மணியில என் ஐடி கார்டு வேலை செய்யல. கீழ கேட்ல சிவப்பு லைட். நீ எழுதினது அப்பத்தான் உடம்புல உறைச்சது. ஒரு செக்யூரிட்டி என் பையைப் பிரிச்சுப் பார்த்துட்டு வெளியில விட்டான், பேர் கூடக் கேக்கல.

விசாரணைக்கு நான் வரல. வரணும்தான். பொன்னுத்தாய் முகத்தைப் பாக்க எனக்குத் துணிச்சல் இல்ல அக்கா. அதுக்கு என்னைத் திட்டிக்கோ.

ஜெஸ்வின்


மேலப்புதூர்
11 ஏப்ரல் 2025

ஜெஸ்வினுக்கு,

முதல்ல முடிவைச் சொல்லிடுறேன், இல்லன்னா நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவ. ஜெயிச்சுட்டோம். போன்ல வாங்கின சம்மதம் எதுவும் செல்லாதுன்னு கம்பெனியே எழுதிக் குடுத்துடுச்சு. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கணும். காத்தமுத்து சாகுற வரைக்கும் வேலையில இருந்தவர்னு பதிவு பண்ணியாச்சு, அவர் மகனுக்கு வேலையும் உண்டு. நான் புத்தாண்டு லீவு முடிஞ்சு செவ்வாக்கிழமை போறேன். இன்ஸ்பெக்‌ஷன் இல்ல, அதைக் காமிராவே பாத்துக்கும், என்னை டெஸ்பாட்ச்ல போட்டிருக்காங்க. போடட்டும், லாரியில ஏத்துறதையாவது யாராவது நேர்ல பாக்கணுமே.

உன் வேலை போனது எனக்குச் சந்தோஷம் இல்ல. அவளை அழைச்சுக்கிட்டு இங்க வா. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. சோறு உண்டு. உன் மேல இருக்கிற கோபம் முழுசாத் தீரல, அதனால கொஞ்ச நாளைக்கு முறைப்பேன், அதையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கோ.

ஆனா நீ அன்னைக்கு அங்க இருந்திருக்கணும்டா. நீ வராம ஒளிஞ்சுக்கிட்டதுக்குத் தண்டனையா இதை முழுசா எழுதுறேன், படி.

அதிகாரி யமுனான்னு ஒரு மேடம். கம்பெனி வக்கீல் தாளை நீட்டினான். ஆஸ்டின் பக்கத்துல உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தான். நான் பென் டிரைவைக் குடுத்ததும் வக்கீல் எழுந்து, திருடின பொருள், ஏத்துக்கக் கூடாதுன்னு கத்தினான். மேடம் உன் ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டு, "செஞ்சவரே தப்புன்னு எழுதியிருக்கார், உங்களுக்கு என்ன பயம்? போடுங்க, கேப்போம்"னாங்க.

போட்டாங்க. அந்த ரூம்ல மித்ரா குரல் வந்துச்சு. எதிர்காலம், திட்டம், வாய்ப்பு, எல்லாத்தையும் தேன் ஒழுகச் சொன்னா. சம்மதமான்னா. அப்புறம் அந்தச் சத்தம். நீ எழுதினப்ப எனக்கு இவ்வளவு புரியலடா. ஆஸ்டின் போனைக் கீழ வச்சுட்டான். சத்தம் முடிஞ்ச கையோட அவ, "மிக்க மகிழ்ச்சி. தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகள்"னா.  அந்த லேப்டாப்பைத் தூக்கி உடைக்கணும் போல இருந்துச்சு.

வக்கீல் அதுக்கும் அசரல. "ம் என்று சொல்வது கேட்கிறதே மேடம், சம்மதம் இல்லையென்றால் இது வேறென்ன?"ன்னான்.

பொன்னுத்தாய் அதுவரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்களை யாரும் எதுவும் கேக்கல. அவங்களாத்தான் பேசினாங்க, எங்க யாரையும் பாக்காம, லேப்டாப்பைப் பார்த்து.

"அது தண்ணி கேக்குறதுங்க. குடிக்கக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்படிச் சத்தம் குடுத்தார்னா பஞ்சை நனைச்சு உதட்டுல வைப்பேன். நான் அப்ப மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தேன்."

லிசி